'ஆஃப் த ரெக்கார்ட்' என்று சொல்லிவிட்டால் போதுமா?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கும் வாசகி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். ஆங்கில இலக்கணத்தில் பெரிய தடுமாற்றம் இல்லை. லண்டன் வாடிக்கையாளருடன் அன்றாடம் பேசுகிறார், அடுத்த ஆண்டு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதவும் எண்ணம். ஆனால் ஒன்றை ரகசியமாகவோ வெளிப்படையாகவோ சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில மரபுத்தொடர்கள் காலை வாரிவிடுகின்றன என்கிறார். நான்கு சம்பவங்களைச் சொல்கிறார். ஒன்று: அலுவலக சாட்டில் சக ஊழியரிடம் ஒரு புராஜெக்ட் கைவிட்டுப் போகப்போகிறது என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் 'திஸ் ஈஸ் ஆஃப் ரெக்கார்ட்' என்று சேர்த்தார். மாலைக்குள் மொத்த டீமுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு: எச்ஆருக்கு அனுப்பிய புகாரை 'ஐ ஆம் டெல்லிங் யூ திஸ் வித் கான்ஃபிடன்ஸ்' என்று தொடங்கினார். வந்த பதில் புகாரை ரகசியமாக வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று: 'சாத்தம் ஹவுஸ் ரூல்' என்று அறிவிக்கப்பட்ட இணையக் கருத்தரங்கில் கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்து, டீமுக்குக் குறிப்பே எழுதவில்லை. மேலாளர் கடிந்துகொண்டார். நான்கு: தள்ளுபடி விலையைத் தனியாகப் பேசலாமா என்று கேட்க நினைத்து, லண்டன்காரருக்கு 'கேன் வீ டிஸ்கஸ் த டிஸ்கவுண்ட் அண்டர் த டேபிள்?' என்று மெயில் போட்டார். மறுநாள் பதில் இரண்டே வரியில் வந்தது, விதிமீறல் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் அவர்களுடைய கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு நகலுடன்.

கேள்விகள் மூன்று. சாட்டில் சொன்னதைப் பரப்பிய சக ஊழியர் செய்தது தவறுதானே? இத்தகைய தொடர்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யட்டுமா? அல்லது இவற்றைக் கைகழுவிவிட்டு எளிய ஆங்கிலத்தோடு நின்றுகொள்ளட்டுமா? பின்குறிப்பில், 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதியதை ஒரு தோழி திருத்தினார், யார் சரி என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நான்காவது சம்பவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் நடந்து முடிந்தவை. இது இன்னும் ஒருவருடைய இன்பாக்ஸில் திறந்து கிடக்கிறது.

'அண்டர் த டேபிள்' என்றால் தனிமையில் என்று பொருள் இல்லை. கணக்கில் வராமல் கைமாறும் பணம் என்று பொருள். தமிழில் 'மேசைக்கு அடியில் கொடுத்தான்' என்றால் நமக்கு என்ன தோன்றுமோ அதேதான் அவருக்கும் தோன்றியிருக்கும். பிரிட்டனின் லஞ்சத் தடுப்புச் சட்டம் 2010-ல் வந்தது. நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவர் லஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடுகள் செய்யாத நிறுவனமே குற்றவாளியாகலாம் என்று அது சொல்கிறது. ஆகவே கம்ப்ளையன்ஸுக்கு நகல் போட்டதை உங்கள்மீது வந்த கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒரு வரியைப் பார்த்த ஊழியர் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்திருக்கிறார்.

இன்றே அதே மெயில் தொடரில், அதே ஆட்கள் எல்லோருக்கும், உங்கள் மேலாளரையும் சேர்த்துப் பதில் எழுதுங்கள். 'ஐ யூஸ்ட் த ராங் ஃப்ரேஸ் இன் மை லாஸ்ட் மெயில். ஐ மென்ட் எ பிரைவேட் கால் பிட்வீன் அவர் டூ டீம்ஸ் அபவுட் த வால்யூம் டிஸ்கவுண்ட் இன் அவர் புரப்போசல். எனி டிஸ்கவுண்ட் வில் பி இன் ரைட்டிங் அண்ட் ஆன் த இன்வாய்ஸ்.' இந்த மூன்று வாக்கியங்கள் போதும். கடைசி வாக்கியம்தான் கம்ப்ளையன்ஸ்காரர் தேடுவது. தள்ளுபடி எழுத்தில் இருக்கும், விலைப்பட்டியலில் தெரியும் என்றால் அவர் கோப்பை மூடலாம். முன்பு அனுப்பிய மெயிலை அழிக்கவோ திரும்பப் பெறவோ முயலாதீர்கள், மறைப்பது போலத் தெரியும். தொலைபேசியில் மட்டும் விளக்கிவிட்டு விடுவதும் சரிவராது. தவறான வரி எழுத்தில் இருக்கும்போது திருத்தமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மேசை என்றதும் இன்னொன்று. 'ஆன் த டேபிள்' என்றால் பரிசீலனைக்கு வைக்கப்பட்ட யோசனை. 'ஆஃப் த டேபிள்' என்றால் கைவிடப்பட்டது. ஆனால் 'டு டேபிள்' என்று வினையாக வந்தால் பிரிட்டனில் ஒன்றை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் அதையே ஒத்திப்போடுவது! இரு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவது உத்தமம்.

எதை மறைக்கிறீர்கள்?

உங்கள் நான்கு சம்பவங்களுக்கும் வேர் ஒன்றுதான். 'ரகசியமாக' என்ற ஒரே தமிழ்ச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கு ஆங்கிலத்தில் பல வேடங்கள் இருப்பதாக நினைக்கிறீர்கள். ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை மறைக்கிறது. சிலது செய்தியை மறைக்கும், சிலது சொன்னவரின் பெயரை, சிலது கேட்பவர்களின் எண்ணிக்கையைக் குறுக்கும், சிலது குறிப்பிட்ட தேதி வரை மட்டும் மூடிவைக்கும்.

செய்தியையே மறைக்க: 'கீப் இட் அண்டர் யுவர் ஹேட்', 'மம்ஸ் த வேர்ட்'. இரண்டும் பேச்சுவழக்கு. நண்பருக்குப் பிறந்தநாள் விருந்து ரகசியமாக ஏற்பாடாகும்போது பொருந்தும், வாடிக்கையாளர் மெயிலில் பொருந்தாது. 'மம்' இங்கே அம்மா அல்ல. வாயை மூடிக்கொண்டு எழுப்பும் ஒலி அது. கொங்கு நாட்டில் 'கம்முன்னு இரு' என்கிறீர்களே, அதே சங்கதி. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில், உதட்டை முத்திரையிட்டு 'மம்' தவிர வேறெதுவும் பேசாதே என்று ஒரு வரி உண்டு. 'மை லிப்ஸ் ஆர் சீல்ட்' கேட்பவர் தரும் வாக்குறுதி. சொல்பவர் அதைச் சொன்னால், கேட்டாலும் பதில் தரமாட்டேன் என்று ஆகிவிடும்.

பெயரை மட்டும் மறைக்க: 'யூ டிடின்ட் ஹியர் இட் ஃப்ரம் மீ'. செய்தி பரவலாம், என் தலை உருளக்கூடாது என்பதே இதன் உட்பொருள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் 'எ லிட்டில் பேர்ட் டோல்ட் மீ' என்று நழுவலாம். வானத்துப் பறவை சேதியைக் கொண்டுபோகும் என்ற எச்சரிக்கை பைபிளில் பிரசங்கி 10:20-ல் இருக்கிறது.

உங்கள் கருத்தரங்கு இந்த வகையைச் சேர்ந்தது. சாத்தம் ஹவுஸ் என்பது லண்டனில் உள்ள சர்வதேச விவகார ஆய்வு நிறுவனம். அதன் விதி 1927-ல் எழுதப்பட்டு, 1992-லும் 2002-லும் திருத்தப்பட்டது. கேட்ட தகவலைப் பயன்படுத்தத் தடை இல்லை. சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும், வேறு யார் கலந்துகொண்டார்கள் என்பதையும் வெளியிடக்கூடாது, அவ்வளவுதான். மக்கள் தயக்கமின்றிப் பேச வேண்டும், பேசியது பயன்படவும் வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. நீங்கள் அதை நேர்மாறாகப் புரிந்துகொண்டீர்கள். உங்கள் மேலாளர் குறிப்பு கேட்டது நியாயம். அடுத்த முறை கருத்துகளை எழுதுங்கள். பெயர், நிறுவனம், ஸ்கிரீன்ஷாட், பங்கேற்பாளர் பட்டியல் எதுவும் வேண்டாம். 'வங்கித் துறையைச் சேர்ந்த ஒருவர் சொன்னார்' என்று எழுதுவதிலும் கவனம் தேவை. பன்னிரண்டு பேர் கூட்டத்தில் வங்கிக்காரர் ஒருவர்தான் என்றால் பெயரைச் சொன்ன மாதிரிதான். அது ஒரே விதி என்பதால் 'ரூல்ஸ்' என்று பன்மையில் எழுதாதீர்கள். ஆங்கிலேயர்களே இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

கேட்பவரைக் குறுக்க: 'இன் கான்ஃபிடன்ஸ்', 'ஆன் எ நீட்-டு-நோ பேசிஸ்' (தெரிந்தாக வேண்டியவருக்கு மட்டும்), 'பிஹைண்ட் க்ளோஸ்ட் டோர்ஸ்'. கடைசித் தொடரில் சில சமயம் 'கமுக்கமாக ஏதோ நடக்கிறது' என்ற சந்தேக நெடி அடிக்கும். நீதிமன்றச் செய்திகளில் வரும் 'இன் கேமரா'வும் இந்தப் பட்டியலில்தான் வரும். ஒளிப்பதிவுக் கருவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, லத்தீனில் 'கேமரா' என்றால் அறை. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, வழக்காடும் தரப்பில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். இதற்கு எதிர்ச்சொல் 'ஓபன் கோர்ட்'.

ஐடி அலுவலகங்களில் நாள்தோறும் காதில் விழும் 'லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்' ரகசியமே அல்ல. இந்த விஷயம் இங்கிருக்கும் எல்லோருக்கும் தேவையில்லை, கூட்டம் முடிந்தபின் தனியாகப் பேசுவோம் என்பதோடு சரி. உங்கள் தள்ளுபடி மெயிலில் இது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

தேதி வரை மறைக்க: புதிய தயாரிப்பு 'அண்டர் ராப்ஸ்' இருக்கும். பத்திரிகைக் குறிப்பு 'அண்டர் எம்பார்கோ' வரும். இரண்டிலும் ஒருநாள் வெளியே வரப்போகிறது என்பது உள்ளடங்கியிருக்கிறது. என்றைக்கும் வெளிவரக்கூடாத சம்பள விவரத்துக்கு இவற்றைப் பயன்படுத்தினால் கேட்பவர் வெளியீட்டு நாளைக் கேட்பார்.

'ஆஃப் த ரெக்கார்ட்' ஒரு உடன்பாடு

சக ஊழியர் செய்தது தவறா என்று கேட்டிருந்தீர்கள். நட்பின் கணக்கில் தவறுதான். இந்தத் தொடரின் கணக்கில் தவறென்று சொல்ல முடியாது.

இது பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்து எல்லோருடைய வாயிலும் புகுந்த சொல். அங்கே நான்கு படிகள் உண்டு. 'ஆன் த ரெக்கார்ட்' என்றால் பெயரோடு வெளியிடலாம். 'ஆன் பேக்கிரவுண்ட்' என்றால் பேசிக்கொண்ட நிபந்தனைப்படி வெளியிடலாம், பெரும்பாலும் பெயருக்குப் பதில் 'மூத்த அதிகாரி ஒருவர்' என்று வரும். 'டீப் பேக்கிரவுண்ட்' என்றால் தகவலைப் பயன்படுத்தலாம், எங்கிருந்து வந்தது என்ற தடயமே இருக்கக்கூடாது. 'ஆஃப் த ரெக்கார்ட்' என்றால் வெளியிடவே கூடாது. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலில் செய்தியாளருக்கு உதவிய மார்க் ஃபெல்ட், அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். அவர் ஒத்துக்கொண்டது டீப் பேக்கிரவுண்ட். அவர் உறுதிசெய்த தகவல்கள் நாளிதழில் வந்துகொண்டே இருந்தன, அவர் பெயர் மட்டும் 2005 வரை வெளியே வரவில்லை. அவர் ஆஃப் த ரெக்கார்டாகப் பேசியிருந்தால் அந்தச் செய்திகளுக்கு அவரால் எந்தப் பயனும் இருந்திருக்காது.

இந்தப் படிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: பேசுவதற்கு முன் இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். சொல்லி முடித்தபின் 'ஆஃப் த ரெக்கார்ட்' என்று ஒட்டவைத்தால் எதிராளி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அவர் சம்மதிக்கவே இல்லையே. எனவே முதலில் 'கேன் வீ கோ ஆஃப் த ரெக்கார்ட் ஃபார் எ மினிட்?' என்று கேளுங்கள். 'ஷ்யூர்' என்று பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். முடிந்ததும் 'ஓகே, பேக் ஆன் த ரெக்கார்ட்' என்று கோட்டைக் கிழியுங்கள். இல்லாவிட்டால் அடுத்துப் பேசியது எந்தக் கணக்கு என்ற குழப்பம் வரும்.

அதைவிட முக்கியமானது, நீங்கள் அதை எழுத்தில் சொன்னீர்கள். ரெக்கார்ட் என்றாலே பதிவு. பதிவில் ஒன்றை எழுதிவிட்டு இது பதிவில் இல்லை என்றால் எப்படி? அலுவலக சாட் பொதுவாக சர்வரில் சேமிக்கப்படும், நிர்வாகம் எடுத்துப் பார்க்கலாம், யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். இந்தத் தொடர் சட்டக் கவசமும் அல்ல. வாடிக்கையாளரின் திட்டம் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் அடங்கியது என்றால், அதை மீறிய கேள்வி முதலில் எழுதிய உங்களிடம்தான் வரும், பரப்பியவரிடம் பிறகுதான். அவருடன் சண்டைக்குப் போகும்முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்தில் ஒரு சிறு திருத்தம்: 'ஆஃப் ரெக்கார்ட்' என்று 'த' இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். 'த' கட்டாயம். 'ஆன் ரெக்கார்ட்' என்று 'த' இன்றி வரலாம், ஆனால் 'பதிவானவற்றிலேயே மிக வெப்பமான நாள்' என்பது போலப் பொருள் நகர்ந்துவிடும். 'ஃபார் த ரெக்கார்ட்' என்றால் 'பின்னால் குழப்பம் வேண்டாம், தெளிவாகவே சொல்லிவைக்கிறேன்' என்று அர்த்தம். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும்போது 'அன் ஆஃப்-த-ரெக்கார்ட் சாட்' என்று இணைகோடு போடுங்கள். 'டோன்ட் கோட் மீ ஆன் திஸ்' என்பதை ரகசியக் கோரிக்கையாக நினைப்பவர்கள் பலர். அதன் வழக்கமான பொருள், எனக்கு உறுதியாகத் தெரியாது, என்னை ஆதாரமாக வைத்துக்கொள்ளாதே என்பது.

'கான்ஃபிடன்ஸ்' செய்யும் குளறுபடி

'வித் கான்ஃபிடன்ஸ்' என்றால் தன்னம்பிக்கையோடு. 'இன் கான்ஃபிடன்ஸ்' என்றால் உங்களை நம்பி, ரகசியமாக. ஒரு முன்னிடைச்சொல் மாறியதில் உங்கள் புகார் வீராவேசமாகப் போய்விட்டது. 'ஐ ஆம் ரைட்டிங் டு யூ இன் ஸ்ட்ரிக்ட் கான்ஃபிடன்ஸ்' என்பது சரியான தொடக்கம். ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னால் 'கன்ஃபைட் இன் சம்ஒன்'. நம்பிச் சொன்னதை அவர் வெளியே விட்டால் அது 'பிரீச் ஆஃப் கான்ஃபிடன்ஸ்'.

புகார் கொடுப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொரு ஜோடி 'கான்ஃபிடன்ஷியல்', 'அனானிமஸ்'. அனானிமஸ் என்றால் நீங்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாது. கான்ஃபிடன்ஷியல் என்றால் தெரியும், ஆனால் தேவைப்படாதவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஊழியர் கருத்துக்கணிப்பின் முகப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

உங்கள் புகார் எதைப் பற்றியது என்று எழுதவில்லை, ஊகிக்கவும் போவதில்லை. ஒருவேளை பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்றால் எந்த ஆங்கிலத் தொடரையும் நம்பியிருக்க வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் புகார் செய்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆனால் எச்ஆருக்குப் போட்ட மெயிலோடு நிறுத்தாமல், உள்ளகப் புகார் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

இதோடு ஒரு சட்டத் தொடரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சமரசக் கடிதங்களின் தலைப்பில் 'வித்அவுட் பிரெஜுடிஸ்' என்று போடுவார்கள். பாரபட்சமின்றி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாகச் சொல்வதை என் உரிமைக்கு எதிராக நாளை நீதிமன்றத்தில் காட்டாதே என்பது அதன் பொருள்.

ஊரறியச் சொல்லும்போது

இந்தப் பக்கம் உங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை, எனவே வேகமாகப் போகிறேன். 'ஸ்பீக் அப்' என்றால் சத்தமாகப் பேசு, அல்லது வாய்மூடி இருக்காமல் உன் கருத்தைச் சொல். 'ஸ்பீக் அவுட்' என்றால் அநியாயத்தை எதிர்த்துப் பொதுவில் குரல் கொடுப்பது. கூட்டத்தில் கேட்கவில்லை என்று வாடிக்கையாளரிடம் 'ப்ளீஸ் ஸ்பீக் அவுட்' என்றால் அவர் எதை எதிர்த்துப் பேசுவது என்று விழிப்பார். 'கோ பப்ளிக்' என்பதற்கு இரு பொருள்: மறைத்துவைத்ததை அறிவிப்பது, நிறுவனம் பங்குச்சந்தைக்கு வருவது. ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது 'கோ பப்ளிக் வித் த நியூஸ்' என்று முழுமையாக எழுதினால் குழப்பம் வராது.

'ஸ்பில் த பீன்ஸ்', 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' இரண்டும் ரகசியத்தை உடைப்பதுதான். பின்னதில் வாய்தவறிக் கொட்டிவிட்ட சாயல் அதிகம். முன்னது வற்புறுத்தலில் கக்குவதற்கும், வேண்டுமென்றே போட்டுடைப்பதற்கும் பொருந்தும். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவருவதை பிரிட்டனில் 'வாஷ் யுவர் டர்ட்டி லினன் இன் பப்ளிக்' என்றும் அமெரிக்காவில் 'ஏர் யுவர் டர்ட்டி லாண்ட்ரி' என்றும் சொல்வார்கள். ஊரறிந்த ரகசியம் 'ஓபன் சீக்ரெட்', 'பப்ளிக் சீக்ரெட்' அல்ல.

பட்டியலா, எளிய ஆங்கிலமா?

மனப்பாடப் பட்டியல் வேண்டாம். இதுவரை நீங்கள் தவறவிட்டவை எல்லாம் கேள்விப்பட்ட தொடர்கள்தான், எந்த இடத்தில் எந்த அளவுக்கு என்பதுதான் பிசகியது. பட்டியல் அதைக் கற்றுத்தராது. எளிய ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவதும் பாதித் தீர்வுதான். நீங்கள் எழுதாவிட்டாலும் மற்றவர்கள் எழுதுவார்கள், அவர்கள் 'அண்டர் எம்பார்கோ' என்று அனுப்பியதை உங்கள் டீம் அன்றே லிங்க்ட்இன்னில் போட்டுவிடக்கூடாது.

ஆகவே இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரிந்துகொள்ள வேண்டியவை இந்தக் கடிதத்தில் உள்ள எல்லாமே. எழுத்தில் பயன்படுத்த ஐந்து போதும்: 'இன் கான்ஃபிடன்ஸ்', 'ஆஃப்லைன்', 'அண்டர் எம்பார்கோ', 'ஃபார் த ரெக்கார்ட்', 'ஆன் எ நீட்-டு-நோ பேசிஸ்'. பணம், ஒப்பந்தம், புகார் பற்றிய மெயில்களில் இவற்றோடும் ஒரு எளிய வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள்: யாரிடம் சொல்லலாம், எதுவரை சொல்லக்கூடாது என்று. ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று, கால் பங்கு மதிப்பெண். ஏழாம் பேண்டுக்கான விளக்கத்தில் மரபு வழக்குச் சொற்கள் பற்றிய குறிப்பு உண்டு. அது பழமொழிகளைத் திணிக்கச் சொல்லவில்லை. 'மை சிஸ்டர் கன்ஃபைடட் இன் மீ' என்று இயல்பாக வரும் சேர்க்கையும் அதில் அடங்கும். ஒரே பதிலில் பூனையும் பீன்ஸும் தொப்பியும் வந்தால் தேர்வாளருக்குப் பட்டியல் கண்ணில் தெரிந்துவிடும்.

பின்குறிப்புக்குப் பதில்: தோழி சொன்னதுதான் சரி. 'பிட்வீன்' முன்னிடைச்சொல் என்பதால் அதன்பின் 'மீ' வர வேண்டும். 'பிட்வீன் யூ, மீ அண்ட் த கேட்போஸ்ட்' என்ற விளையாட்டுத் தொடரிலும் 'மீ'தான். வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில் அந்தோனியோ எழுதும் கடிதத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்றே ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார் என்று நீங்கள் தோழியிடம் மடக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் லண்டன் வாடிக்கையாளருக்கு 'மீ' என்றே எழுதுங்கள்.